டியூப் அம்பா, சொலிட் ஸ்டேட்டா, மொடலரா: கொழும்பில் மெட்டல் டோனுக்கு எதில் காசு போடுவது?

கொழும்பில் மெட்டல் வாசிக்கிற பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கும். யூடியூபில் பத்து வீடியோ பார்த்திருப்பார்கள், பத்தும் பத்து விதமாகச் சொல்லியிருக்கும். அந்த வீடியோக்களில் எதுவும் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நாலாம் மாடியையோ, 230 வோல்ட் பிளக்கையோ, கடற்காற்றையோ கணக்கில் எடுத்திருக்காது.

டியூப் அம்ப் கண்ணாடி வால்வுகளில் ஒலியைப் பெருக்கும், சொலிட் ஸ்டேட் ட்ரான்ஸிஸ்டரில். மொடலர் அம்பின் ஒலியை டிஜிட்டலாக நகல் எடுக்கும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மெட்டல் டோனில் காசு முதலில் போகவேண்டிய இடம் ஸ்பீக்கரும் கெபினட்டும் (ஸ்பீக்கர் பெட்டி). மொடலர் வாசிப்பவருக்கு அந்த இடத்தில் ஐஆர், அதாவது கெபினட்டின் டிஜிட்டல் பதிவு. அம்ப் அதற்குப் பிறகுதான். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெயர்பெற்ற ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி அம்ப்) ஒன்றில் முழுக் காசையும் இறக்கிவிட்டு, மிச்சத்தில் கிடைத்த கெபினட்டைக் கொழுவுகிறார்கள். பிறகு டோன் சரியில்லை என்று பெடல் வாங்குகிறார்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எங்கே வாசிப்பீர்கள். மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வொட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல் வரும். தொழில்சார் செவிப் பாதுகாப்புக்கான அமெரிக்கப் பரிந்துரைப்படி அந்த அளவை ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் கேட்கலாம். ஆகவே "15 வொட் டியூப் அம்ப் வீட்டுக்குச் சின்னது, சரியாக இருக்கும்" என்பது வெறும் கதை. அதே ஸ்பீக்கரில் 15 வொட் என்பது ஏறக்குறைய 112 டெசிபெல். இன்னொரு பக்கம், 50 வொட்டுக்கும் 100 வொட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபெல். 100 வொட்டுக்காகக் கூடுதல் காசும் கூடுதல் எடையும் சுமப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

அறையும் ஒரு கருவிதான். டைல்ஸ் பதித்து நாலு பக்கமும் சீமெந்துச் சுவர் வைத்த 10 அடி அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 56 ஹேர்ட்ஸிலும் 112 ஹேர்ட்ஸிலும் ஒலி தேங்கி நிற்கும். டியூனிங்கை ஏ வரை இறக்கினால் தடித்த தந்தி 55 ஹேர்ட்ஸ், அதன் இரண்டாவது ஹார்மோனிக் 110. திறந்து அடிக்கும்போது அந்த ஒரு ஸ்வரம் மட்டும் அறை முழுக்க உறுமும், பக்கத்து ஃபிரெட்டுகள் மெலிந்து கேட்கும். இதைக் கேட்டுவிட்டு அம்பை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். புது அம்பும் அதே அறையில் அதையேதான் செய்யும்.

எந்த டியூனிங். சாதாரண ஈ தந்தி 82 ஹேர்ட்ஸ், ட்ரொப் டி 73, பி 62. கிட்டார் ஸ்பீக்கர்கள் பொதுவாக 75 ஹேர்ட்ஸ் தொடக்கம் 5000 ஹேர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகப் பேசும். அதற்குக் கீழே உள்ள அடிச்சுருதி பாஸ் கிட்டாரின் வேலை. கிட்டாரின் 'கனம்' இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக்குகளிலிருந்தும், பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கியபடி) அடித்தவுடன் ஒலி எவ்வளவு சுருக்காக நிற்கிறது என்பதிலிருந்தும் வருகிறது. டியூனிங் இறங்க இறங்க மூடிய கெபினட்டும், திணறாத பவரும் முக்கியமாகின்றன. பாஸ் குமிழைத் திருகுவதால் பெரிய பலன் இல்லை.

கரண்ட். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் அம்பும், ஜப்பானிலிருந்து வரும் 100 வோல்ட் அம்பும் நேரே செருகினால் அன்றோடு முடிந்தது.

எடையும் பழுதும். ஓட்டோவில் போகுமா, லிப்ட் இல்லாத மாடிக்கு ஒருவரால் தூக்க முடியுமா, பழுதானால் உள்ளூரில் யாராவது திறந்து பார்ப்பார்களா. வாங்கும் அன்று யாரும் இவற்றைக் கேட்பதில்லை.

## டியூப் ஹெட்

மெட்டல் ஒலியின் மூல வடிவங்கள் இங்கேதான் இருக்கின்றன. 1992இல் எடி வான் ஹேலனுக்காக வெளிவந்த பீவி 5150, அவர் பிரிந்த பின் 6505 என்ற பெயரில் தொடர்ந்தது. அதுவும் மேசா டூவல் ரெக்டிஃபயரும் 6எல்6 டியூப்களில் ஓடுபவை: அடிப்பகுதி அகலம், கெய்ன் (ஒலியைச் சிதைக்கும் பெருக்கம்) தாராளம். 1981இல் வந்த மார்ஷல் ஜேசிஎம் 800 வேறு சாதி. இஎல்34 டியூப், மிட் முன்னால் நிற்கும், தனியே விட்டால் இன்றைய மெட்டலுக்குக் கெய்ன் போதாது. முன்னால் ஓவர்டிரைவ் பெடல் ஒன்று வைத்தால் த்ராஷுக்கு வேறெதுவும் தேவையில்லை.

ஸ்பீக்கரோடு டியூப் அம்ப் பழகும் விதம் தனி. அதன் வெளியீடு ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிப்பதில்லை. மூடிய கெபினட்டில் 100 ஹேர்ட்ஸ் பக்கம் ஸ்பீக்கரின் ஓம் (மின்தடை) ஏறும்போது அம்ப் கொடுக்கும் வோல்டேஜும் கூடவே ஏறும். பாம் மியூட்டில் நெஞ்சில் குத்துகிற அந்த அடி இங்கிருந்து வருகிறது. ஆனால் அம்பை ஓரளவு திறந்தால்தான் அது கேட்கும். மாஸ்டர் வொல்யூமை ஒன்றில் வைத்து வாசிப்பவர் காசு கொடுத்த பொருளின் பாதியைத்தான் கேட்கிறார்.

மறைந்த செலவுகள் இதில்தான் அதிகம்.

முதலாவது இறக்குமதி. சுங்கம் வரியைக் கணக்கிடுவது பொருளின் விலையோடு கப்பல் கூலியையும் காப்புறுதியையும் கூட்டிய தொகைக்கு. அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி. 20 கிலோவைத் தாண்டும் ஹெட்டுக்குக் கூலியே ஒரு தொகை. அந்தக் கூலிக்கும் சேர்த்து வரி கட்டுகிறீர்கள்.

இரண்டாவது வோல்டேஜ். 120 வோல்ட் அம்பை மலிவாக வாங்கினால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் கட்டாயம். அம்பின் பின்தகட்டில் எழுதியிருக்கும் மின் நுகர்வைப் பார்த்து, அதைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாத கொள்ளளவில் எடுங்கள். 100 வொட் ஹெட் 300, 400 வொட் இழுப்பது சாதாரணம். பயணப் பையில் போடுகிற சின்ன மாற்றிகள் இதற்கு ஆகாது. எர்த் கம்பி ட்ரான்ஸ்ஃபோமரைக் கடந்து அம்ப் வரை தொடர்ந்து போகிறதா என்றும் பாருங்கள். மலிவானவற்றில் துளை இரண்டு மட்டும் இருக்கும், எர்த் அங்கேயே அறுந்துவிடும். இன்னொரு நுணுக்கம்: 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் என்று கட்டிய மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபோமர் 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். தகட்டில் '50/60' என்று இருந்தால் கவலையில்லை.

மூன்றாவது டியூப். 100 வொட் ஹெட்டில் நாலு பவர் டியூப், அவை பொருத்தம் பார்த்த செட்டாக வேண்டும். முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன டியூப் ஐந்தாறு. புது பவர் டியூப் போடும்போது பல அம்புகளில் பயஸ் (வாசிக்காதபோதும் டியூப்பில் ஓடும் கரண்டின் அளவு) சரிபார்க்க வேண்டும். 5150, 6505 இரண்டிலும் பயஸ் மாற்றும் குமிழே இல்லை. குளிர்ச்சியாக நிலைநிறுத்தியிருப்பார்கள், பொருத்தமான செட்டைச் செருகினால் போதும். டெக்னீஷியன் கிடைப்பது கஷ்டமான ஊரில் இது சின்ன வசதி இல்லை. எந்த டியூப் அம்பையும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

நான்காவது லோட். ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் அம்பை ஓடவிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் எரியும். வீட்டில் சத்தமில்லாமல் வாசிக்க ரியாக்டிவ் லோட் பெட்டி, அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக அம்பின் பவரை வாங்கிக்கொள்ளும் பெட்டி, வேண்டும். டூ நோட்ஸ் கேப்டர் போன்றவை 4, 8, 16 ஓம் என்று தனித்தனியாக வருகின்றன, தவறான ஓம் வாங்கிவிடாதீர்கள். அந்தப் பெட்டியையும் ஐஆரையும் சேர்த்த கணக்கில், அரை மொடலரின் விலை ஏற்கெனவே போய்விட்டது.

யாருக்கு நல்லது: சத்தம் போடக்கூடிய நிரந்தர ஜேம் ரூம் உள்ள பேண்டுக்கு. மறுவிற்பனை மதிப்பு அதிகம் விழாத ஒரே வகையும் இதுதான்.

## சொலிட் ஸ்டேட் ஹெட்

கொழும்பு பேண்டுக்கு எங்கள் முதல் சிபாரிசு இது. 'டியூப் இல்லாவிட்டால் மெட்டல் இல்லை' என்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் போதும்: டைம்பேக் டாரல் தன் கூர்மையான ஒலியை ரேண்டால் சொலிட் ஸ்டேட் அம்புகளில்தான் எடுத்தார், டெத் குழுவின் சக் ஷுல்டினர் மார்ஷல் வால்வ்ஸ்டேட் வாசித்தார், அதன் பவர் பகுதியும் ட்ரான்ஸிஸ்டர்தான். வேகமான ரிஃபுக்கு இதன் சுருக்கு உதவி செய்கிறது. ஒலி உடனே எழும், உடனே நிற்கும்.

எடை பெரும்பாலும் 10 கிலோவுக்குள். டியூப் செலவு இல்லை. ஜெனரேட்டரில் வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் டோன் அதிகம் மாறாது.

ஏமாறும் இடம் ஓம் கணக்கு. டியூப் அம்பில் 4, 8, 16 என்று தெரிவு இருக்கும்; எதைத் தெரிந்தாலும் முழுப் பவர் வரும். சொலிட் ஸ்டேட்டில் அப்படியில்லை. '100 வொட், 4 ஓம்' என்று எழுதியிருந்தால் 8 ஓம் கெபினட்டில் பாதியளவுதான் வரும், 16 ஓமில் கால்வாசிக்குப் பக்கம். பழைய மார்ஷல் 4×12 ஒன்றை 16 ஓமில் இணைத்துவிட்டு "சொலிட் ஸ்டேட்டுக்குத் தம் இல்லை" என்று சொல்வது நியாயமில்லை. அந்த அம்ப் அப்போது 25, 30 வொட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கமும் கவனம்: தகட்டில் குறித்த குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போனால் அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர் சூடாகிச் சாகும்.

இன்னொன்று, கிட்டார் அம்பாகவே வடிவமைத்ததை வாங்குங்கள். சவுண்ட் சிஸ்டத்துக்கான பவர் அம்ப் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடித்து 100 ஹேர்ட்ஸ் குத்தைத் தட்டையாக்கிவிடும். நல்ல சொலிட் ஸ்டேட் கிட்டார் அம்புகள் அந்தப் பழக்கத்தைச் சுற்றிலேயே நகல் எடுத்திருக்கும்.

குறை: ஒரு அம்ப், ஒரு குணம். அதன் டிஸ்டோர்ஷன் பிடிக்காவிட்டால் பெடலில்தான் தப்ப வேண்டும். ஸ்வீடன் டெத் மெட்டல்காரருக்கு அது குறையே இல்லை. எல்லாக் குமிழையும் முழுக்கத் திருகிய பொஸ் எச்எம்-2 ஒன்று இருந்தால் பின்னால் எந்த அம்ப் என்பது இரண்டாம் பட்சம்.

## மொடலர்

தொடர்மாடியில் இருப்பவருக்கு உண்மையில் வேறு தெரிவு இல்லை. இரவு 11 மணிக்கு ஹெட்ஃபோனில் முழுக் கெய்னில் வாசிக்கலாம், கீழ் வீட்டு அன்ரி கதவைத் தட்டமாட்டார். மெஷுகா போன்ற குழுவே மேடையில் ஃப்ராக்டல் மொடலருக்கு மாறிய பின் தரம் பற்றிய வாதம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். லெப்டொப்பும் ஓடியோ இன்டர்ஃபேஸும் ஏற்கெனவே இருந்தால் செலவேயில்லாமல் தொடங்கலாம்: நியூரல் அம்ப் மொடலர் என்ற மென்பொருள் இலவசம், 5150, ரெக்டிஃபயர் பதிவுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. 48 கிலோஹேர்ட்ஸில் பஃபரை (மென்பொருள் ஒரு தடவைக்குச் சேர்த்தெடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 128க்கு வைத்தால் ஒரு வழித் தாமதம் 2.7 மில்லிசெக்கன், போக வர எல்லாம் சேர்த்து 10ஐத் தாண்டினால் கைக்கும் காதுக்கும் இடைவெளி தெரியத் தொடங்கும்.

மொடலரில் பிழைக்கிற இடங்கள் மூன்று. ஐஆர் போடாமல் ஹெட்ஃபோனிலோ சவுண்ட் சிஸ்டத்திலோ நேரே விட்டால், தகரத்தை ஆணியால் கீறுவது போலத்தான் கேட்கும். கிட்டார் கெபினட்டுக்குப் பவர் அம்ப் வழியாக விடும்போது ஐஆரை நிறுத்த மறந்தால் கெபினட்டுக்குள் கெபினட் ஆகி, எல்லாம் போர்வைக்குள் போய்விடும். மூன்றாவதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை: வீட்டில் குறைந்த சத்தத்தில் செய்த பட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) மேடையில் தோற்றுப்போகும். குறைந்த சத்தத்தில் காது பாஸையும் ட்ரெபிளையும் குறைவாகக் கேட்கிறது. அதனால் இரண்டையும் ஏற்றி மிட்டை வெட்டுவீர்கள். சத்தம் ஏறியதும் அடியில் சேறு, மேலே கூச்சல், நடுவில் கிட்டாரையே காணோம். ஜேம் ரூம் சத்தத்தில் பட்சைத் திருத்துங்கள். 80–100 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 6000–8000 ஹேர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டினால் பாதி வேலை முடிந்தது.

மறைந்த செலவு: நல்ல ஹெட்ஃபோன், சரியான அடப்டர், பேண்டுடன் வாசிக்கத் தொடங்கியதும் ஒரு பவர்டு ஸ்பீக்கர் அல்லது பவர் அம்ப். மறுவிற்பனை விலை புது மொடல் வந்த அன்றே விழும். பழுதானால் உள்ளே பார்க்க ஒன்றுமில்லை, போர்டையே மாற்ற வேண்டும்.

பொஸ் கட்டானா போன்ற டிஜிட்டல் கொம்போக்களும் (அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) இந்தக் குடும்பம்தான். அரை வொட்டுக்கு இறக்கலாம், ஹெட்ஃபோன் துளை உண்டு, 12 அங்குல ஸ்பீக்கரும் உண்டு. முதல் அம்பாகத் தாராளமாக வாங்கலாம். பின்பக்கம் திறந்த கெபினட் என்பதால் பி டியூனிங்கில் அடி தளரும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | டியூப் ஹெட் | சொலிட் ஸ்டேட் ஹெட் | மொடலர் |
|---|---|---|---|
| தொடர்மாடியில் | லோட் பெட்டி இல்லாமல் முடியாது | மெதுவாக வைத்தால் சமாளிக்கும் | இதற்கே பிறந்தது |
| ட்ரம்ஸுடன் | 50 வொட் தாராளம் | ஓம் பொருந்தினால் 100 வொட் போதும் | பவர்டு ஸ்பீக்கர் தேவை |
| ஹெட்டின் எடை | 100 வொட் 20 கிலோவுக்கு மேல் | பெரும்பாலும் 10 கிலோவுக்குள் | பையில் போகும் |
| மின்சாரம் | 120 வோல்ட் என்றால் ஸ்டெப் டவுன் | வோல்டேஜ் தகட்டைப் பார்க்கவும் | அடப்டரை மாற்றினால் போதும் |
| தொடர் செலவு | டியூப், பயஸ் | அநேகமாக இல்லை | ஐஆர், அடுத்த மொடல் ஆசை |
| பழுதானால் | திறமையான டெக்னீஷியன் வேண்டும் | டிவி, அம்ப் திருத்துபவரே பார்ப்பார் | போர்ட் மாற்றம் |
| திரும்ப விற்றால் | நல்ல விலை | நடுத்தரம் | வேகமாக விழும் |

## கெபினட்: உண்மையான டோன் இங்கே

4×12 மேடையில் அழகுதான். மார்ஷல் 1960 ஒன்று 36 கிலோ, 77 செ.மீ. அகலம்; ஓட்டோவுக்குள் போகாது. ஒவ்வொரு ஷோவுக்கும் வான் பிடிக்கிற காசை ஒரு வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் இன்னொரு ஸ்பீக்கர் செட் வாங்கலாம். மேடையில் எப்படியும் சவுண்ட்காரர் ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் எஸ்எம்57 மைக் ஒன்றை வைத்துத்தான் எடுக்கப்போகிறார், மற்ற மூன்றும் படத்துக்கு.

1×12 வீட்டுக்கும் சின்ன மேடைக்கும் சரி. ஆனால் பெட்டி சிறியதாக இருந்தால் அடிப்பகுதி பெட்டிச் சத்தமாகிவிடும், இறங்கிய டியூனிங்குக்கு ஆகாது. ஸ்பீக்கரின் தாங்குதிறனும் முழுதாக உங்கள் பொறுப்பு: 60 வொட் விண்டேஜ் 30 ஒன்றில் 100 வொட் ஹெட்டைத் திறந்து விடாதீர்கள்.

எங்கள் தெரிவு பின்பக்கம் முழுக்க மூடிய 2×12. இரண்டு விண்டேஜ் 30, 50 வொட் ஹெட் என்றால் ஒரு மீட்டரில் கணக்குக்கு 120 டெசிபெல். எந்த ட்ரம்மரோடும் நிற்கலாம்.

ஸ்பீக்கர் வகையில் மெட்டலுக்கு முக்கியமானவை மூன்று. விண்டேஜ் 30இல் மேல் மிட் தூக்கலாக இருப்பதால் பேண்டுக்குள் கிட்டார் வெட்டிக்கொண்டு வரும். புதிதில் கொஞ்சம் கரகரக்கும், சில வாரம் உரக்க வாசித்தபின் தணியும். ஜி12டி-75இல் மிட் உள்வாங்கி, அடியும் மேலும் நிற்கும். தனியே வாசித்தால் இனிமை, இரண்டு கிட்டார் உள்ள பேண்டில் ஒளிந்துகொள்ளும். ஜி12கே-100 அகலமான அடிக்கும் அதிகப் பவருக்கும். இரண்டு வகையைக் கலப்பது நல்ல யோசனைதான், ஆனால் விண்டேஜ் 30 100 டெசிபெல், ஜி12டி-75 97 டெசிபெல் என்பதை மறக்க வேண்டாம். சத்தமாகக் கேட்பது முன்னதுதான், பின்னது ஓரத்தை மட்டும் நிரப்பும்.

### மொறட்டுவையில் செய்விப்பது

வெளிநாட்டிலிருந்து வெறும் பெட்டியைக் கப்பலில் கொண்டுவருவதில் அர்த்தமில்லை. ஸ்பீக்கர் மட்டும் வரவழையுங்கள், விண்டேஜ் 30 ஒன்று 5 கிலோவுக்கும் குறைவு. பெட்டியை மொறட்டுவைத் தச்சர் ஒருவரிடம் கொடுங்கள். அவர்களுக்கு இது அலுமாரியை விடச் சுலபம், அளவைச் சரியாகச் சொன்னால்.

- பலகை: 18 மி.மீ. நல்ல பிளைவுட், முன் பலகையும் அதுவே. சிப்போர்டும் எம்டிஎஃப்பும் வேண்டாம். நம் ஈரப்பதத்தில் ஊதும், மூலைகளில் திருகாணி பிடி விடும்.
- வெளி அளவு: 75 செ.மீ. அகலம், 50 உயரம், 35 ஆழம் அளவில் எடுத்தால் உள்ளே கிட்டத்தட்ட 100 லீட்டர் கிடைக்கும்.
- ஸ்பீக்கர் துளை: 12 அங்குலச் செலஸ்டியனுக்கு 283 மி.மீ. '12 அங்குலம்' என்று மட்டும் சொன்னால் தச்சர் 305 மி.மீ. வெட்டிவிடுவார், ஸ்பீக்கரின் திருகாணித் துளைகளுக்குக் கீழே மரமே இருக்காது.
- பின்பலகை: 15 செ.மீ.க்கு ஒரு திருகாணி, விளிம்பில் ஸ்பொஞ்ச் பட்டி. காற்றுக் கசிந்தால் பாம் மியூட்டில் புஸ் என்று கேட்கும். முன் பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு தாங்குகட்டை வைத்தால் பலகை அதிராது.
- உள் வயர்: வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ச.மி.மீ. கம்பி போதும்.

வயர் கொடுத்து முடிந்ததும் 9 வோல்ட் பெட்டரியை ஜேக் முனையில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு கூம்பும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போனால் பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். 'உள்ளூர்க் கெபினட்டில் அடி இல்லை' என்ற முறைப்பாட்டில் இப்படி மாறிப்போன ஒரு கம்பிக்கும் பங்கு உண்டு.

ஓம் கணக்கு: இரண்டு 16 ஓம் ஸ்பீக்கரைப் பரலல் கொடுத்தால் 8, இரண்டு 8 ஓமைப் பரலல் கொடுத்தால் 4, சீரீஸ் கொடுத்தால் 16. டியூப் அம்புக்கு எதுவும் சரி, ஹெட்டில் அதே எண்ணைத் தெரிந்தால் போதும். 4 ஓமில் முழுப் பவர் தரும் சொலிட் ஸ்டேட் வைத்திருந்தால் ஸ்பீக்கரை 8 ஓமில் ஓடர் செய்யுங்கள். ஹெட்டிலிருந்து கெபினட்டுக்குக் கிட்டார் கேபிள் போடக்கூடாது. வெளியே ஒரே மாதிரித் தெரிந்தாலும் உள்ளே கம்பி மயிரிழை, சூடாகும்.

## அம்புக்கு முன்னால்

எந்த அம்ப் வாங்கினாலும் டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் ஒன்றுக்குக் காசு ஒதுக்குங்கள். டிரைவ் பூச்சியம், லெவல் முழுக்க, டோன் நடுவில். டிஸ்டோர்ஷன் கூட்டுவதற்கல்ல இது: 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்து அனுப்புவதால் அம்பின் கெய்ன் பகுதி பாஸில் திணறாமல், ரிஃப் இறுகும். அம்பின் கெய்னைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள், மிட்டைப் பூச்சியத்துக்கு இறக்காதீர்கள்.

கெபினட்டைத் தரையில் வைத்து முன்னால் நின்று டோன் வைப்பதும் வேண்டாம். 12 அங்குல ஸ்பீக்கரின் ட்ரெபிள் நேர்கோட்டில் போகிறது. உங்கள் முழங்காலுக்கு அது நன்றாகக் கேட்கும். காதுக்கு மங்கலாகக் கேட்டு நீங்கள் ட்ரெபிளை ஏற்ற, எதிரே இருப்பவர் காதைப் பொத்துவார். ஒரு கதிரையின் உயரத்துக்குத் தூக்கி, சற்றுச் சாய்த்து வைத்துக் கேட்டபின் குமிழைத் தொடுங்கள்.

## யாருக்கு எது

தொடர்மாடி, தனி வாசிப்பு, வீட்டு ரெக்கோர்டிங்: லெப்டொப் மென்பொருளில் தொடங்கி, தேவைப்பட்டால் மொடலர். கெபினட் இப்போதைக்கு வேண்டாம். பேண்ட் இருக்கிறது, மணிக்கணக்கில் வாடகை ஜேம் ரூம், மாதம் ஒரு ஷோ: சொலிட் ஸ்டேட் ஹெட்டும் மொறட்டுவை 2×12உம். சொந்த ஜேம் ரூம், சத்தத் தடை இல்லை, நீண்ட காலம் வைத்திருக்கும் எண்ணம்: 50 வொட் டியூப் ஹெட், 230 வோல்ட் மொடலாகவே. பாடசாலைப் பையன், முதல் கிட்டார்: கட்டானா வகைக் கொம்போ, இரண்டு வருடத்தில் என்ன வேண்டும் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

## பழையதை வாங்கப் போகும்போது

இக்மன் விளம்பரத் தளத்தில் பார்த்துப் போகிறீர்கள் என்றால் கிட்டார், இரண்டு கேபிள், மல்டிமீட்டர், ஒரு பென்சில் கொண்டுபோங்கள். ஹெட்டைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரைக் கெபினட் ஜேக்கில் வைத்தால் 8 ஓம் கெபினட் 6–7 காட்டும், 16 ஓம் 11–13. எதுவும் காட்டாவிட்டால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது அல்லது கொயில் போயிருக்கிறது. டியூப் அம்பை 20 நிமிடமாவது வாசிக்கும் சத்தத்தில் ஓடவிடுங்கள். முன் டியூப்களைப் பென்சிலால் மெதுவாகத் தட்டும்போது மணியடித்தால் மாற்ற வேண்டியவை, பவர் டியூப்பின் உள் தகடு சிவந்தால் உடனே நிறுத்துங்கள்.

வாசிக்கும்போது சத்தம் திடீரென்று குறைந்து மீண்டும் வந்தால் பயப்பட வேண்டாம். அம்பின் பின்னால் பெடல்களை இணைப்பதற்கான எஃபெக்ட்ஸ் லூப்பில் சென்ட் துளையிலிருந்து ரிடேன் துளைக்கு ஒரு கேபிளைக் கொழுவிப் பாருங்கள். சரியாகிவிட்டால் பிரச்சினை ரிடேன் ஜேக்கின் உள் தொடுகை துருப்பிடித்ததுதான். கரையோர வீடுகளில் இருந்த அம்புகளுக்கு இது வழக்கமான நோய், கொன்டாக்ட் கிளீனரில் தீரும். விற்பவருக்கு அது தெரியாவிட்டால் விலை பேச இடமிருக்கிறது. கடைசியாகப் பின்தகட்டைப் படியுங்கள். 120 என்று போட்டிருந்தால் ஸ்டெப் டவுனின் விலையைக் கழித்துக்கொண்டு கேளுங்கள்.